டீ மாஸ்டரின் உள்ளங்கால் புண்: ஐந்து மாதம் மூடாத காயம் மூடிய விதம்

இந்த ஆய்வில் வரும் நோயாளி தனி ஒருவர் அல்லர். சர்க்கரைப் புண் பிரிவுகளில் ஓயாமல் வந்து நிற்கும் ஒரு தோற்றத்தை, கற்பித்தலுக்காக ஒரே ஆளாக அமைத்திருக்கிறோம். புண்ணின் அளவும் நாள்கணக்கும் இவ்வகைப் புண் வழக்கமாகப் போகும் போக்கை ஒட்டியவை.

வந்தபோது இருந்த நிலை

வயது 54. டீக்கடையில் மாஸ்டர். விடியற்காலை 4 மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் மதியம் 1 மணிவரை நின்றபடியே வேலை. மாலையில் இன்னும் மூன்று மணி நேரம். சர்க்கரை நோய் வந்து 14 ஆண்டுகள். நாளுக்குப் பத்துப் பதினைந்து பீடி. காலில் ஹவாய் செருப்பு. வலது செருப்பில் பெருவிரலின் அடிமேடு பதியும் இடத்தில் ரப்பர் தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்திருந்தது. புண்ணும் அதே இடத்தில்தான். நோயாளியின் செருப்பைத் திருப்பிப் பார்க்காமல் காலைப் பார்ப்பது பாதிப் பரிசோதனை.

முதலில் அங்கே வெறும் காய்ப்பு. கால் ஆணி என்று நினைத்து மருந்துக்கடையில் ஆணி பிளாஸ்திரி வாங்கி ஒட்டினார். அதில் இருப்பது சாலிசிலிக் அமிலம், பெரும்பாலும் 40 விழுக்காடு. உணர்ச்சி உள்ள காலில் எல்லை மீறினால் எரியும். உடனே பிய்த்துப் போட்டுவிடுவோம். மரத்துப்போன காலில் அது காய்ப்போடு நல்ல தோலையும் சேர்த்துக் கரைக்கும். மூன்றாம் நாள் ஈரமாக இருக்கிறதே என்று பார்த்தபோது குழி விழுந்திருந்தது.

அடுத்த ஐந்து மாதம் ஒரே சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுவது, ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரை பொங்க வைப்பது, அயோடின் கரைசல், மேலே ஆன்டிபயாடிக் பொடி. நடுவே மூன்று முறை ஆன்டிபயாடிக் மாத்திரை. கட்டுப் போட்டுக்கொள்ள நடந்தே வந்தார், போட்டுக்கொண்டு நடந்தே போனார். "ரெஸ்ட் எடுங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். நாள் கூலிக்காரருக்கு அந்தச் சொல் வைத்தியமாகாது.

இப்படி வருபவர்கள் ஏறத்தாழ எல்லோரும் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "வலிச்சிருந்தா நானே உக்காந்திருப்பேன் டாக்டர். வலிக்கவே இல்லையே." முழு நோயும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

பரிசோதனை

புண் 2.2 செ.மீ. நீளம், 1.8 செ.மீ. அகலம், 6 மி.மீ. ஆழம். சுற்றிலும் வெள்ளையாக ஊறிய தடித்த காய்ப்பு, அரிசி மாவில் கட்டிய வரப்பு போல. அடித்தளம் வெளிர்சிவப்பு. சீழ் இல்லை, நாற்றம் இல்லை, சுற்றித் தோல் சிவக்கவில்லை. மழுங்கிய முனையுள்ள எஃகுக் கம்பியைக் கிருமி நீக்கி உள்ளே விட்டுப் பார்த்ததில் எலும்பு தட்டவில்லை. எலும்பைத் தொட்டால் கல்லில் உரசுவது போலக் கைக்குத் தெரியும். இங்கே மெத்தென்று நின்றது.

10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பெருவிரல் நுனி, முதல் அடிமேடு, ஐந்தாம் அடிமேடு ஆகிய மூன்று இடங்களில் வளையும்வரை இரண்டு நொடி அழுத்திக் கேட்டதில், இரு காலிலும் ஓரிடத்திலும் உணரவில்லை. இழையைக் காய்ப்பின் மேல் வைக்கக்கூடாது. அங்கே யாருக்கும் தெரியாது. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையின் அதிர்வு பெருவிரலில் தெரியவில்லை, முழங்காலில் தெரிந்தது.

பாதத்தின் மேலும், உள்கணுக்காலுக்குப் பின்னும் நாடி நன்றாகக் கிடைத்தது. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் 1.1. சர்க்கரைக்காரர்களின் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து அமுங்காமல் போவதால், இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டக்கூடும், 1.3-ஐத் தாண்டினால் நம்பக்கூடாது. அதனால் பெருவிரலிலும் அழுத்தம் பார்க்கப்பட்டது. 84 மி.மீ. பாதரசம். 30-க்குக் கீழே இருந்திருந்தால் பேச்சே வேறு: முதலில் ரத்தக்குழாய் மருத்துவர், பிறகுதான் புண்.

பலர் விட்டுவிடும் சோதனை ஒன்று: முழங்காலை நீட்டி வைத்துப் பாதத்தை மேல்நோக்கி மடக்குவது. இவருக்குச் செங்கோணத்துக்கு மேல் ஒரு டிகிரிகூட வரவில்லை. குதிநாண் இறுகிவிட்டது. குதிகால் சீக்கிரம் தரையை விட்டு எழும்; உடம்பின் எடை வழக்கத்தைவிட அதிக நேரம் முன்பாதத்தில் நிற்கும். பெருவிரல் மூட்டும் விறைத்திருந்தது. அது மேல்நோக்கி மடங்காதபோது, ஒவ்வொரு எட்டிலும் அடிமேடே அச்சாகிவிடுகிறது.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 9.8. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது; ஆனால் எலும்பில் சீழ் பிடித்தால் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரே ஒன்றும் காட்டாது என்பதால், ஒரு படத்தை வைத்து முடிவுக்கு வரவில்லை. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தச் சோதனையான ஈ.எஸ்.ஆர். 38. எழுபதைத் தாண்டியிருந்தால் எலும்பைப் பற்றிய சந்தேகம் வலுத்திருக்கும்.

தமிழ்நாட்டில் மரத்த காலில் புண் என்றால், சர்க்கரை இருக்கிறதே என்று நின்றுவிடக்கூடாது. உடம்பு முழுக்க வெளிர்தேமல் தேடி, முழங்கையில் உல்நார் நரம்பு, முழங்காலுக்கு வெளியே எலும்புக் கழுத்தை ஒட்டி ஓடும் நரம்பு, உள்கணுக்காலுக்குப் பின்னுள்ள நரம்பு ஆகியவை தடித்திருக்கின்றனவா என்று தடவிப் பார்க்க வேண்டும். தொழுநோயும் சர்க்கரையும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். இவருக்கு நரம்பு எதுவும் தடிக்கவில்லை.

ஏன் மூடவில்லை

கண்ணிமையின் மேல்தோல் 0.05 மி.மீ. என்றால் உள்ளங்காலில் ஒன்றரை மி.மீ. அளவுக்குத் தடிமன். அதற்கு அடியில் இருக்கும் கொழுப்பு வயிற்றுக் கொழுப்பைப் போன்றது அன்று. தோலிலிருந்து ஆழத்துக்கு இறங்கும் நார்ச்சுவர்கள் அதைத் தேனடை போலச் சிற்றறைகளாகக் கட்டி வைத்திருக்கின்றன. மிதிக்கும்போது கொழுப்பு பக்கவாட்டில் ஓட வழியில்லாமல் அறைக்குள்ளேயே நின்று தாங்குகிறது. நரம்பு போனபின் பாதத்தின் சிறு தசைகள் இளைக்கும், விரல்கள் மேலெழும்பி வளையும், இந்த மெத்தை விரல்பக்கம் நகர்ந்துவிடும். எலும்பின் தலைக்கும் தரைக்கும் நடுவே மெலிந்த தோல் மட்டும் மிஞ்சும். பெருவிரல் மூட்டுக்கு அடியில் பட்டாணி அளவில் இரண்டு எள்ளெலும்புகள் வேறு இருக்கின்றன. வியர்வை நரம்பும் போய்விடுவதால் தோல் காய்ந்து வெடிக்கும்.

உராய்வுக்குத் தோல் தரும் பதில் காய்ப்பு. அளவாக இருக்கும்வரை காவல். தடித்தபின் அதுவே செருப்புக்குள் விழுந்த கல். காய்ப்பைச் சீவினாலே அந்த இடத்தின் உச்ச அழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு குறையும். காய்ப்புக்கு அடியில் கருஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால், உள்ளே திசு நசுங்கி ரத்தம் கசிந்துவிட்டது என்று பொருள். மேலே தோல் மூடியிருந்தாலும் புண் பிறந்துவிட்டது.

நாளுக்கு 8,000 எட்டு வைப்பவரின் வலது கால் 4,000 முறை தரையில் படுகிறது. கொப்புளம் வந்த காலை நாம் அறியாமலே சாய்த்து வைக்கிறோம், விந்துகிறோம், எடையை மாற்றுகிறோம். மரத்த கால் நான்காயிரமாவது எட்டையும் முதல் எட்டைப் போலவே வைக்கும். கட்டைப் பிரிக்கும்போது தெரியும் இளஞ்சதை அன்று மாலைக்குள் நசுங்கிவிடுகிறது. எந்தக் களிம்பும் இதற்கு ஈடுகொடுக்காது.

இந்தப் பாடம் கற்கப்பட்டது தொழுநோயாளிகளின் கால்களில். கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்வதாக நம்பப்பட்ட காலம் அது. உணர்ச்சியற்ற கையும் காலும் அன்றாடம் படும் காயங்களாலேயே தேய்கின்றன என்பதை அவரும் உடன் பணியாற்றியவர்களும் நிறுவினார்கள். உள்ளங்கால் புண்ணுக்கு மாவுக்கட்டு போடுவது அதற்கும் முந்தியது: 1930-களில் இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ராய் பால் அதைச் செய்திருக்கிறார். பிராண்டு பின்னர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது இம்முறையையும் கொண்டுபோனார். அங்கிருந்து அது சர்க்கரைக் கால்களுக்குப் பரவியது. இன்று உலகெங்கும் உள்ளங்கால் புண்ணுக்கு முதல் தேர்வாக இருப்பது, கழற்ற முடியாத இந்த முழங்கால்வரைக் கட்டும் அதன் வழிவந்தவையும்தான்.

செய்தது

ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை. வீக்கம், புண்ணைச் சுற்றி அரை செ.மீ.க்கு மேல் சிவப்பு, சூடு, வலி, சீழ் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் கிருமித்தொற்று என்று கொள்வது. இவருக்கு ஒன்றும் இல்லை. மேலோட்டமாகப் பஞ்சு தடவி அனுப்பும் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) எந்தப் புண்ணிலும் ஏதாவதொரு கிருமியைக் காட்டும். அதைப் பார்த்து மருந்து எழுதியதுதான் முந்தைய மூன்று சுற்று மாத்திரைகள். தொற்று இருந்து கல்ச்சர் தேவைப்பட்டால், சுரண்டிச் சுத்தம் செய்தபின் அடித்தளத்திலிருந்து ஒரு துணுக்குத் திசு எடுத்தனுப்ப வேண்டும்.

முதலில் காய்ப்பைச் சீவினோம். மரக்கச் செய்யும் ஊசி தேவைப்படவில்லை. கத்தியைத் தோலுக்கு ஏறத்தாழ இணையாகப் படுக்க வைத்து, மாங்காய்த் தோல் சீவுவது போல மெல்லிய இதழ்களாக எடுக்க வேண்டும். ஒரேயடியாக ஆழமாக வெட்டினால் நல்ல தோல் போய்விடும். வெள்ளை இதழ்கள் தீர்ந்து, ஓரம் இளஞ்சிவப்பாகி, ஊசிமுனைப் புள்ளிகளாக ரத்தம் கசியும் இடம்தான் எல்லை. அடித்தளத்தைக் கரண்டியால் சுரண்டி வழவழப்பான படலத்தை எடுத்தபின் புண் 2.6-க்கு 2.1 செ.மீ. ஆகப் பெரிதானது. இதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் "புண்ணைப் பெரிசாக்கிட்டாங்க" என்று வீட்டில் பேச்சாகி, ஆள் மறுமுறை வரமாட்டார். உப்புநீரால் கழுவி, ஒட்டாத வலைத்துணியும் மெல்லிய காஸும் வைத்ததோடு சரி. பெராக்சைடு வளரும் செல்களையும் கொல்லும் என்பதால் நிறுத்தப்பட்டது.

பிறகு மாவுக்கட்டு. எலும்பு முறிவுக்குப் போடுவது போலப் பஞ்சை அள்ளிச் சுற்றினால் இது வேலை செய்யாது. பஞ்சு இரண்டு நாளில் அமுங்கி, உள்ளே கால் ஆடத் தொடங்கும். கட்டு உள்ளங்காலின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் தொட்டபடி இருக்க வேண்டும். அதுதான் இதன் உயிர்.

நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து முழங்காலை 90 டிகிரி மடக்கினால் கெண்டைக்கால் தளரும், கணுக்கால் செங்கோணத்துக்கு எளிதாக வரும். விரல்களுக்கு நடுவே மெல்லிய பஞ்சு. காலுறைத்துணி சுருக்கமில்லாமல். இரு கணுக்கால் முட்டு, முன்கால் எலும்பின் விளிம்பு ஆகிய இடங்களில் அரை செ.மீ. ஃபெல்ட் துண்டு. விரல்களைப் பஞ்சுமெத்தைத் துண்டால் போர்த்தி மூட வேண்டும், கட்டுக்குள் கல் விழாமலிருக்க. முதல் மாவுச் சுருளை இழுக்காமல் உருட்டியபடி சுற்றி, இறுகும்வரை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், விரல் நுனியால் ஒருபோதும் கூடாது. விரல் பதிந்த பள்ளம் உட்பக்கம் மேடாகி நாளைய புண்ணாகும். 15 செ.மீ. சுருள் மூன்று நான்கு மேலே வரும். கட்டின் மேல்விளிம்பு, முழங்காலுக்கு வெளியே தட்டுப்படும் எலும்பு முண்டுக்கு மூன்று நான்கு செ.மீ. கீழேயே நிற்க வேண்டும். அங்கே ஓடும் நரம்பு அழுந்தினால் பாதம் தொங்கிவிடும். உள்ளங்கால் வளைவின் பள்ளத்தை மாவால் நிரப்பி, தட்டையான பலகை வைத்து, நடுப்பாதத்துக்கு நேரே ரப்பர் குதி பொருத்தி முடித்தோம்.

மாவு முழுதாகக் காய 24 முதல் 48 மணி நேரம். அதுவரை ஊன்றக்கூடாது. இடது காலுக்கு அதே உயரத்தில் தடித்த அடி வைத்த செருப்பு கொடுக்கவில்லை என்றால் பத்து நாளில் இடுப்புவலி வரும். இடக்கையில் ஊன்றுகோல்.

கட்டு என்ன செய்கிறது? எடையை உள்ளங்கால் முழுவதிலும் பரப்புகிறது. கூம்பு வடிவக் கெண்டைக்கால் கட்டின் சுவரில் அமர்வதால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடை பாதத்துக்கே வராமல் சுவரில் இறங்குகிறது. எட்டு சிறியதாகிறது. இவற்றைவிட முக்கியமாக, நோயாளியால் இதைக் கழற்ற முடியாது. கழற்றக்கூடிய பூட்ஸைக் கொடுத்தால் வீட்டுக்குள் வெறுங்காலில்தான் நடப்பார்கள், நல்ல மனிதர்கள்தான், ஆனால் வலிக்காத காலுக்கு பூட்ஸ் எதற்கு என்று தோன்றுவது இயல்பு.

வலி எச்சரிக்காது என்பதால் வேறு எச்சரிக்கைகளை எழுதிக் கொடுத்தோம்: காய்ச்சல், நடுக்கம், அரையில் நெறி கட்டுதல், காரணமில்லாமல் சர்க்கரை ஏறுதல், கட்டில் ஈரக்கறை, நாற்றம், கட்டு லொடலொடவென்று ஆடுதல். இதில் ஒன்று வந்தாலும் அன்றே வந்து பிரித்துப் பார்க்க வேண்டும். இரவு ஒரு வேளை இன்சுலின் தொடங்கியது. பீடியை விடுவதற்கு மட்டும் நான்கு முறை பேச வேண்டியிருந்தது.

போக்கும் ஒரு பிசகும்

ஐந்தாம் நாள் முதல் கட்டு பிரிக்கப்பட்டது. வீக்கம் வடிந்து, ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. எல்லோருக்கும் முதல் வாரம் இப்படித்தான். அதனால்தான் முதல் கட்டை ஒரு வாரத்துக்கு மேல் விடக்கூடாது. வெட்டும் அதிர்வு ரம்பத்தின் தட்டு சூடாகும். மரத்த தோலில் சுட்டாலும் கத்தமாட்டார். இடையிடையே தட்டைத் தொட்டுப் பார்த்து, சூடானால் நிறுத்த வேண்டும். பின்னர் வாரம் ஒரு கட்டு.

மூன்றாம் வாரம் புண் 1.6-க்கு 1.2 செ.மீ. பரப்பு 5.5-லிருந்து 1.9 சதுர செ.மீ.க்கு வந்திருந்தது. நான்கு வாரத்தில் பாதிக்கு மேல் சுருங்கினால் வழி சரி என்று கொள்ளலாம். அதற்கு எட்டாவிட்டால் ரத்த ஓட்டம், எலும்புச் சீழ் ஆகியவற்றை மறுபடி பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் அசையாத புண்ணின் ஓரத்தில் திசு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். உள்ளங்காலில் வரும் மெலனோமா புற்றுநோய் சர்க்கரைப் புண்ணின் வேடத்தில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

ஐந்தாம் வாரம் வந்தபோது கட்டின் குதிப்பகுதி கூழாகிக் கிடந்தது. டீக்கடை அடுப்படித் தரை எப்போதும் நனைந்தே இருக்கும். பிளாஸ்டிக் பை சுற்றிக் கட்டிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். பைக்குள் வியர்த்து மாவு இளகி, கட்டுக்குள் கால் மேலும் கீழும் உந்தத் தொடங்கியிருக்கிறது. வெளிக்கணுக்காலில் 8 மி.மீ. புது உராய்வு. பழைய புண் மோசமாகவில்லை. இந்தப் பிசகில் நோயாளியின் பங்கைவிடத் திட்டமிட்டவர்களின் பங்கே பெரிது. நனைந்த தரையில் நிற்பவர் என்று முதல் நாளே கோப்பில் எழுதியிருக்கிறது; எழுதிவிட்டு அவருக்கு மாவுக்கட்டு போட்டது தவறு.

உராய்வு காயும்வரை ஐந்து நாள் கட்டில்லாமல் படுக்கை. பிறகு முழங்கால்வரையுள்ள பூட்ஸை மாட்டி, அதன் மேல் ஃபைபர்கிளாஸ் சுருள் ஒன்றைச் சுற்றிக் கழற்ற முடியாதபடி ஆக்கினோம். மாவுக்கட்டுக்கு இணையாகப் புண்ணை ஆற்றும், போடுவதும் எளிது, நீர் பட்டால் இளகாது. உள்மெத்தை நனைந்தால் மாற்றத்தான் வேண்டும். கடை முதலாளியிடம் பேசி அவரைக் கல்லாவில் உட்கார வைத்ததையும் சிகிச்சைக் குறிப்பில் மருந்துகளோடு சேர்த்தே எழுத வேண்டும்.

பத்தாம் வாரம் புண் மூடியது. மூடிய அன்றே பூட்ஸைக் கழற்றவில்லை. கசிவில்லாமல் இரண்டு வாரம் தாக்குப்பிடித்தால்தான் மூடியதாகக் கணக்கு. புதுத்தோல் பார்க்கத்தான் தோல். மூன்று வாரத் தழும்பின் வலு இயல்பான தோலில் ஐந்தில் ஒரு பங்கு, மூன்று மாதத்தில் ஐந்தில் நான்கு, அதற்கு மேல் ஏறாது.

மூடியபின்

ஆறிய காலில் ஓராண்டுக்குள் நூற்றுக்கு நாற்பது பேருக்குப் புண் திரும்பும். அதனால் பூட்ஸ் கழன்ற அன்றே எம்.சி.ஆர். செருப்பு தயாராக இருந்தது. வேலூர், கரிகிரி வட்டாரத்தில் தொழுநோயாளிகளுக்காகச் செய்யப்பட்டு வந்த அதே நுண்துளை ரப்பர். உள்தளம் 10 மி.மீ.க்குக் குறையாமல், அடியில் வளையாத கெட்டி ரப்பர், பின்வார், எங்கும் ஆணி அடிக்காமல் ஒட்டித் தைத்தது. கட்டைவிரலால் அழுத்தி விட்டால் ரப்பர் எழும்பி வர வேண்டும். குழி அப்படியே நின்றால் செத்துவிட்டது, மாற்ற வேண்டும். நாளெல்லாம் நிற்பவருக்கு ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது.

முதல் வாரம் கால்மணி நேர நடை, பிறகு செருப்பைக் கழற்றிப் பார்ப்பது. சிவப்பு இருபது நிமிடத்தில் மறையாவிட்டால் மறுநாள் நேரத்தைக் கூட்டுவதில்லை. காய்ப்பைச் சீவிக்கொள்ள நான்கு வாரத்துக்கு ஒருமுறை வருகை. இரவு பத்து நிமிடம் நீரில் ஊறவைத்து, துடைத்து, ஈரம் காய்வதற்குள் தேங்காயெண்ணெய், விரலிடுக்குகளை மட்டும் விட்டு. குதிநாணை நீட்டும் சிறு அறுவையைப் பற்றிப் பேசினோம். மீண்டும் புண் வந்தால் செய்வதாக முடிவு. அதிகமாக நீட்டிவிட்டால் எடை குதிகாலுக்குப் போய் அங்கே புண் வரும், அது இதைவிடக் கடினமானது.

அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை அவர் மகள் வாங்கினாள். தினமும் காலையில் இரு பாதத்திலும் ஒரே இடங்களில் அளந்து நோட்டில் எழுத வேண்டும். வலதுக்கும் இடதுக்கும் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இரண்டு நாள் தொடர்ந்தால் நடையைக் குறைத்துவிட்டு வர வேண்டும். ஏழாம் மாதம் அவள் நோட்டில் வலது அடிமேடு 33.9, இடது 31.2, மறுநாள் 34.1, 31.3. தோல் மூடியிருந்தது. காய்ப்பைச் சீவினால் அடியில் மிளகளவு கருஞ்சிவப்புப் புள்ளி. செருப்பின் உள்தளம் அமுங்கிப் போயிருந்தது. புது உள்தளம், பத்து நாள் கல்லாவில் ஸ்டூல். பதினோராம் நாள் வித்தியாசம் 0.6.